ஏழாம் கதவும் ஒரு ஜன்னலும்

"மனிதக் குரலைவிட உயர்ந்த இசைக்கருவியைக் கடவுள் இதுவரை படைத்ததில்லை. இனிமேலும் படைக்கப் போவதில்லை."

காலத்தால் அழியாத இந்த வாக்கியத்தை லீடர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தன் வீட்டுச் சமையலறையில் நின்று சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தது குக்கர் ஒன்றுதான். அது ஒரு விசில் அடித்தது. ஆமோதிக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், உட்கார ஒரு நாற்காலி. இன்னொரு நாற்காலியும் உண்டு. அதில் இஸ்திரி போடாத சட்டைகள் நிரந்தரமாகக் குடியேறியிருந்தன. கல்யாணம் கலைக்கு இடைஞ்சல் என்பதால் அவர் செய்துகொள்ளவில்லை. இது அவர் சொல்லும் காரணம். "பாக்கப் போன பொண்ணுங்களையெல்லாம் உட்கார வெச்சுப் பாடிக் காட்டினா எவ கட்டிப்பா?" என்பது அவர் தங்கை சொல்லும் காரணம்.

பிழைப்புக்கு நூலகத்தில் வேலை. தலைக்கு நேர் மேலே 'அமைதி காக்கவும்' என்று பெரிய பலகை. வருகிறவர்கள் புத்தகத்தை நீட்டுவார்கள், அவர் முத்திரை குத்துவார், அவர்கள் போவார்கள். ஒரு நாள் முழுக்க அவர் பேசிய மொத்தப் பேச்சையும் ஒரு தும்மலில் அடக்கிவிடலாம். ஆகவே வாரம் பூராவும் தொண்டையில் தேக்கி வைத்ததையெல்லாம் அவர் சனிக்கிழமைதான் திறந்துவிடுவார்.

சனிக்கிழமை என்றால் 'ஏழாம் கதவு'.

அது ஒரு ராக் குழு. சாதாரண ராக் அல்ல, புரோகிரசிவ் ராக். அதாவது, மூன்று நிமிடத்தில் முடிய வேண்டிய பாட்டு இருபது நிமிடமானாலும் முடியாது. தாளம் நாலில் கிளம்பி, ஏழில் இறங்கி, பதினொன்றில் வண்டி மாறும். தலையாட்டலாமா கூடாதா என்று தெரியாமல் ரசிகர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாட்டின் பொருள் அண்டம், ஆன்மா, காலம் என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். எழுதிப் பாடுவது லீடர். லீடர் என்ற பட்டத்தை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவராக எடுத்துக்கொண்டார், யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

அன்றைக்குப் பிரச்சினை இதுதான்: ரிகர்சல் இல்லை என்று மூன்று பேரும் செய்தி அனுப்பியிருந்தார்கள். டிரம்ஸ் வாசிக்கும் பல் டாக்டருக்கு மணிக்கட்டு வலி. கீபோர்டு வாசிக்கும் கணக்கு டீச்சருக்குத் திருத்த வேண்டிய விடைத்தாள் மலை போல். கிடார் வாசிக்கும் மாப்பிள்ளைக்கு, அதாவது தங்கையின் புருஷனுக்கு, மண்டையைப் பிளக்கும் தலைவலி.

போன சனிக்கிழமையும் இப்படித்தான். அப்போது மணிக்கட்டு டீச்சருக்கு, தலைவலி டாக்டருக்கு.

லீடருக்குச் சந்தேகம் வரவில்லை. பேச ஒரு சாக்குக் கிடைத்த சந்தோஷம்தான் வந்தது. தங்கைக்குப் போன் போட்டார்.

"என்னம்மா, மாப்பிள்ளைக்குத் தலைவலியாமே? மாத்திரை குடுத்தியா?"

"யாருக்கு, இவருக்கா? சாப்ட கையோட கிடாரைத் தூக்கிட்டு ரிகர்சலுக்குக் கிளம்பிட்டாரே. உங்கூடத்தானே?"

லீடர் ஒரு கணம் சுவரைப் பார்த்தார்.

"ஆமாமா. எங்கூடத்தான்."

"அப்ப நீ எங்கேருந்து பேசற?"

"வழியில."

குக்கர் விசில் அடித்தது.

"வழியில குக்கர் வெச்சிருக்காங்களா அண்ணா?"

"சரி, வெச்சிடறேன்மா."

அடுப்பை அணைத்தார். சாப்பிடவில்லை. சட்டை மலையில் சுருக்கம் குறைந்த ஒன்றை உருவி மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பல் டாக்டரின் கிளினிக்குக்குக் கீழே கார் நிறுத்தும் அறை ஒன்று இருந்தது. கார் வெயிலில் நிற்கும். குழு நிழலில் வாசிக்கும். டாக்டரின் ஏற்பாடு அலாதியானது. மேலே நோயாளிக்கு மரத்துப்போகும் ஊசியைப் போட்டு, "அப்படியே சாஞ்சுக்கங்க, வந்துடறேன்" என்று கீழே இறங்குவார். ஊசி வேலை செய்ய எவ்வளவு நேரமோ, ஏழாம் கதவின் ஒரு பாட்டும் அவ்வளவு நேரம். பாட்டு முடிந்து மேலே போனால் பல் தயாராக இருக்கும். புரோகிரசிவ் ராக்கால் சமுதாயத்துக்கு உபயோகமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

லீடர் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே வாசித்துக்கொண்டிருந்தார்கள். மணிக்கட்டு வலித்தவர் டிரம்ஸை நொறுக்கிக்கொண்டிருந்தார். விடைத்தாள் மலை கீபோர்டில் மழையாகப் பெய்துகொண்டிருந்தது. மண்டை பிளந்தவர் கிடாரில் ஒரு வளைவு வளைத்தாரே பார்க்கலாம், லீடருக்கே ஒரு நொடி நெஞ்சு நின்றது.

ஆனால் அவரை அடித்தது அது இல்லை. வாசிப்பு முடிந்ததும் மூன்று பேரும் சிரித்தார்கள். ஓஹோவென்று, தொடையைத் தட்டிக்கொண்டு. இத்தனை வருஷத்தில் அவர்கள் சிரித்து அவர் கேட்டதே இல்லை. அண்டத்தைப் பற்றிப் பாடும் குழு சிரிக்காது என்றுதான் நினைத்திருந்தார்.

மானஸ்தனாக இருந்தால் திரும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் திரும்பிப் போனால் வீடு. வீட்டில் ஆறிப்போன குக்கர். கதவைத் தட்டினார்.

உள்ளே சிரிப்பு, ஸ்விட்சைத் தட்டியது போல நின்றது.

"வாங்க லீடர்" என்றார் டாக்டர், திடீரென்று ஞாபகம் வந்தவர் போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. "இப்பத்தான் கொஞ்சம்... சரியாச்சு."

"தலைவலி, மாப்பிள்ளை?"

"அது... வந்துட்டு வந்துட்டுப் போகுது மச்சான்."

கணக்கு டீச்சருக்குப் பொய்யில் பயிற்சி போதாது. நேராகச் சொல்லிவிட்டார். "சார், மறைச்சு என்ன ஆகப் போகுது. இது ஒரு சைடு ப்ராஜெக்ட். பேரு 'ஜன்னல்'. முழுக்க இன்ஸ்ட்ருமென்டல். பாட்டே கிடையாது."

"பாட்டே கிடையாதா?"

"வாசிப்பு மட்டும்."

"அப்ப ஏழாம் கதவு?"

"அது அது பாட்டுக்கு இருக்கும் மச்சான்" என்று மாப்பிள்ளை அவசரமாகக் குறுக்கே வந்தார். "கச்சேரியில ஒரு பிரச்சினையும் இல்ல. மேடையில நீங்க நின்னா அந்த அழகே வேற. இந்த ரிகர்சல்ல தான்..."

டீச்சர் அவர் காலை மிதித்தார்.

ரிகர்சலுக்கு லேட்டாக வருவதைத்தான் சொல்கிறார்கள் என்று லீடருக்குப் புரிந்தது. தவறு தன்மேல்தான். பெரிய மனசு பண்ணினார்.

"நல்ல முயற்சி. நானும் இருக்கேன்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார், பாட்டு கிடையாதுன்னு..."

"பாடலையே! வாயைத் திறக்க மாட்டேன். ஓரமா ஏதாவது பண்றேன். சனிக்கிழமை வீட்ல உக்காந்து நான் என்ன பண்ணப் போறேன்?"

கடைசி வாக்கியத்தைச் சும்மா பேச்சு வாக்கில்தான் சொன்னார். ஆனால் சொன்ன விதத்தில் எதுவோ மாப்பிள்ளையைத் தைத்திருக்க வேண்டும். குனிந்து கிடாரின் முடுக்காணிகளைத் திருக ஆரம்பித்தார். ஏற்கெனவே சுதி சேர்ந்திருந்த கிடார் அது.

"சரி, இருக்கட்டுமே" என்றார்.

கையில் ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்தார்கள். குழந்தைகூட ஆட்டும். ஆனால் ஜன்னலின் முதல் உருப்படி பதினொன்று தாளத்தில் போயிற்று. இத்தனை காலம் தாளத்தின் மேல் சவாரி செய்தவருக்கு, அதற்கு எத்தனை கால் என்று எண்ணிப் பார்க்க அவசியம் வந்ததில்லை. நாலாக ஆட்டினார். அவரைத் தொடர்ந்து டாக்டரும் நாலுக்குச் சரிந்தார். டீச்சர் பதினொன்றிலேயே ஒற்றையாகப் போய்க்கொண்டிருந்தார். மாப்பிள்ளை நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார், கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்தவர் மாதிரி.

"லீடர், இது நாலு இல்ல, பதினொண்ணு."

"நாலும் நாலும் எட்டு, அப்புறம் மூணு. கிட்டத்தட்ட வந்துட்டேன்ல?"

"கணக்குல கிட்டத்தட்டன்னு ஒண்ணு கிடையாது சார்" என்றார் டீச்சர்.

கிலுகிலுப்பையை வாங்கிக்கொண்டு ஒரு முக்கோணக் கம்பியைக் கொடுத்தார்கள். அடுத்த உருப்படியின் கடைசியில் ஒரே ஒரு தட்டு. அந்த 'டிங்' கேட்டதும் எல்லோரும் நிறுத்திவிட வேண்டும். இதில் எப்படிப் பிழை வரும்?

வந்தது. நடுவழியில் கிடார் மெதுவாக இறங்கி ஒரு இடத்தில் மூச்சு வாங்கியது. லீடருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு 'டிங்' என்று தட்டினார். மூன்று பேரும் சொல்லிவைத்தபடியே நிறுத்தினார்கள். மேலே பாதி மரத்த வாயோடு படுத்திருந்த நோயாளியிடம் டாக்டர் பாதி நேரத்தில் போய்ச் சேர்ந்தார். சற்று நேரத்தில் ஓர் அலறல் கேட்டது. அதுவும் நல்ல குரல்தான்.

அடுத்த சனிக்கிழமை லீடரைச் சத்தம் எழுப்பாத ஒரு வேலையில் வைப்பது என்று முடிவாயிற்று. மேடைக்கு வாடகைக்கு எடுத்த புகை மெஷின் வந்திருந்தது. ஒரு பொத்தான். டாக்டர் கையைத் தூக்கினால் அமுக்க வேண்டும், இறக்கினால் விட வேண்டும்.

டிரம்ஸ் வாசிக்கிறவர் எத்தனை தடவை கையைத் தூக்குவார் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

கண்ணை மூடி வாசிக்கும் வழக்கமுள்ளவர்கள் மூவரும். கண்ணைத் திறந்தபோது கண்ணை மூடியிருப்பது போலவே இருந்தது. புகை படியேறி மாடிக்குப் போய்விட்டது. கழுத்தில் துணி கட்டிய ஒரு பெரியவர், தாடை மரத்த நிலையில், தெருவுக்கு ஓடிவந்து போகிற வருகிறவர்களிடமெல்லாம் கையை ஆட்டி எதையோ விளக்கினார். பக்கத்துத் தையல் கடைக்காரர் புரிந்துகொண்டது பாதி; ஆனால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட அது போதுமாக இருந்தது.

டாக்டர் நனைந்த டிரம்ஸைத் துண்டால் ஒத்திக்கொண்டிருந்தார்.

"அவர் பல்லு இன்னும் வாயிலயே இருக்கு லீடர்" என்றார். "துணியும் அவர் கழுத்துல. அப்படியே வீட்டுக்குப் போயிட்டார்."

"நீங்க கையைத் தூக்கினீங்க, நான் அமுக்கினேன்."

"தூக்கினேன்தான். என் தப்புதான்."

லீடர் தைரியமாக அடுத்த யோசனையை வைத்தார். "கச்சேரி நாள்ல நானே எல்லாத்தையும் அறிமுகம் பண்ணிப் பேசிடறேன். எப்பவும் டீச்சர்தான் பேசறாங்க, அவங்களுக்கும் பாரம். பாடத்தானே கூடாது? பேசலாம்ல? என் மைக்குல..."

"வேண்டாம்!" என்றார்கள் மூன்று பேரும். அவர்கள் ஒரே தாளத்தில் சேர்ந்து எதையும் செய்து லீடர் பார்த்தது அதுவே முதல் தடவை.

"அதாவது சார்" என்று டீச்சர் குரலைத் தணித்தார், "உங்க மைக்கு பேசறதுக்கு ஏத்தது இல்ல. அது... பாட்டுக்குன்னே வெச்சிருக்கறது."

அது உண்மை என்று லீடர் ஒப்புக்கொண்டார். அவருடைய ஏற்பாடே தனி. மேடையில் மற்றவர்களுக்கெல்லாம் தரையில் வைத்த ஸ்பீக்கர்தான். அவருக்கு மட்டும், லீடர் என்பதற்காக, காதுக்குள் செருகிக்கொள்ளும் குட்டி ஸ்பீக்கர் ஒன்றைச் சவுண்டுக்காரர் கொடுத்திருந்தார். அதை மாட்டிக்கொண்டு பாடினால் தன் குரல் தேனில் நனைந்து வருவது போல அவருக்கே கேட்கும். அதைப் பஞ்சு வைத்த மோதிரப் பெட்டி ஒன்றில் போட்டு, சட்டைப் பையில் எப்போதும் வைத்திருப்பார்.

கலையின் புனிதத்தில் டீச்சர் எவ்வளவு கறார் என்பதும் அவருக்குத் தெரியும். ஏழாம் கதவின் கச்சேரியில் யாரும் போனை எடுத்துப் படம் பிடிக்கக் கூடாது. இன்றுவரை ஒரு பாட்டைக்கூடப் பதிவு செய்து வெளியிட்டதில்லை. "டப்பாவுல அடைச்சா உயிர் போயிடும் சார்" என்று டீச்சர் சொன்ன அன்றைக்கு லீடர் அவரைப் பார்த்துத் தலை வணங்கினார்.

ஜன்னலின் முதல் கச்சேரிக்கு முந்தின நாள் தங்கை போன் செய்தாள். அவளாகப் போன் செய்வது அபூர்வம். லீடர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைகளை நகர்த்தி இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார்.

"சாப்டியாண்ணா?"

"சாப்டேன்மா. நீ?"

"ம். அண்ணா... நாளைக்கு நீ அங்க வர வேணாம்னு இவர் சொல்லச் சொன்னார்."

லீடர் நகர்த்தி வைத்த சட்டைகளில் ஒன்றை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"கோவிச்சுக்காதே. முகத்துக்கு நேரா சொல்ல இவருக்கு வாய் வரல. ரெண்டு நாளா சாப்பாடு இறங்கலை மனுஷனுக்கு. 'உங்க அண்ணன் ஓரமா நின்னாலே எங்களுக்குக் கை நடுங்குது'ங்கறார்."

"அதனால என்னம்மா. சரின்னு சொல்லிடு."

"நிஜமாவே சரியா?"

"எனக்கும் நாளைக்கு வேலை இருக்கு. சட்டையெல்லாம் இஸ்திரி போடணும்."

அவள் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தார். வைத்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும் அல்லவா. பிறகு எழுந்து போய்க் குக்கரைக் கழுவினார். வாக்கியம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் நிஜமாகவே இஸ்திரி போட்டார். எல்லாச் சட்டையும் முடிந்தது. போர்வைக்கும் போட்டார். அதற்குப் பிறகும் சாயங்காலம் மிச்சம் இருந்தது. போட்டதில் நல்ல சட்டையாக ஒன்றை மாட்டிக்கொண்டு, பழக்கத்தில் மோதிரப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, ரசிகர்களோடு ரசிகராக வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார். மேடைக்குப் பின்வாசல் வழியாகவே போய்ப் பழகியவருக்கு ஹாலின் முன்வாசல் எங்கே இருக்கிறது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பின்னால் சவுண்டுக்காரரின் மேஜை. நூறு பொத்தான்களுக்கு நடுவில் சவுண்டுக்காரர் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"என்ன சார், இன்னிக்கு இந்தப் பக்கம்?"

"சும்மா. ஒரு மாறுதலுக்கு."

விளக்கு அணைந்தது. மேடை நடுவில், அவர் வழக்கமாக நிற்கும் இடம் காலியாக இருந்தது. முன்னால் ஒரு வெளிச்ச வட்டம் மட்டும் விழுந்துகிடந்தது, யாருக்கோ போட்ட இலை மாதிரி.

ரிகர்சலில் அவர் இருந்தபோது வாசிக்காத ஓர் உருப்படியை வாசிக்க ஆரம்பித்தார்கள். இரண்டு நிமிடத்தில் லீடர் நிமிர்ந்தார். இது புதுசு இல்லை! 'அண்டத்தின் அழுகுரல்'! ஏழாம் கதவின் பாட்டு! அதே பாட்டு, அவர் எழுதிய பதினாறு சரணமும் இல்லாமல். அடுத்தது 'காலமே நீ யார்'. அதற்கடுத்தது 'ஆன்மாவின் படிக்கட்டு', படியெல்லாம் எடுத்துவிட்டு.

"பாத்தீங்களா அநியாயத்தை?" என்று சவுண்டுக்காரர் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தார். "இந்த இடத்துல நான் மேல போவேன். இப்ப பாருங்க, பெரிய ஓட்டை. ஜனங்களுக்குத் தெரியாம போகுமா?"

சவுண்டுக்காரர் பல்குச்சியை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றினார்.

லீடர் ஓட்டையைத் தேடிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓட்டை வரும் இடமெல்லாம் வந்தது, ஓட்டை வரவில்லை. ஜனங்கள் வழக்கம்போலவே கழுத்தைப் பிடித்துக்கொண்டு ரசித்தார்கள். வழக்கம்போலவே கைதட்டினார்கள். தான் இல்லாவிட்டாலும் உலகம் அப்படியே இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். அதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, டிக்கெட் வாங்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

எழுந்துவிடலாம் என்று கைப்பிடியை ஊன்றினார். அப்போதுதான் நடு வரிசையிலிருந்து ஒருவர் சத்தம் போட்டார்.

"முன்னாடி நிக்கற அண்ணன் எங்க?"

"ஆமா, அவர் எங்க?" என்றது ஒரு பெண் குரல். "அவர் கை பேசுமே! அவரைப் பாக்கறதுக்குன்னே எங்க வீட்ல எல்லாரும் வந்திருக்கோம்!"

"அண்ணனைக் கூப்பிடுங்க!"

ஹால் முழுக்கப் பற்றிக்கொண்டது. அண்ணன், அண்ணன் என்று தாளம். நாலில்தான். பதினொன்றில் யாரும் கூப்பிடவில்லை.

மேடையில் டீச்சர் டாக்டரைப் பார்த்தார், டாக்டர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை கண்ணுக்கு மேல் கையை வைத்து ஹாலைத் துழாவி, கடைசி வரிசையில் இஸ்திரி சட்டை ஒன்றைக் கண்டுபிடித்தார். அவர் முகம் கோணிக்கொண்டது. சிரிப்பா அழுகையா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை.

"மச்சான்! மேல வாங்க மச்சான்!"

லீடர் நடந்தார். நடக்கும்போதே மோதிரப் பெட்டியைத் திறந்து காதில் மாட்டிக்கொண்டார். மேடைமேல் ஏறி, அந்த வெளிச்ச வட்டத்துக்குள் நின்று, மாப்பிள்ளை ஓரத்திலிருந்து எடுத்து நீட்டிய தன் மைக்கை வாங்கிக்கொண்டார். தூரத்தில் சவுண்டுக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அன்று பாடிய மாதிரி அவர் என்றுமே பாடியதில்லை. நூலகத்தின் அமைதி முழுவதையும் பாடினார். ஆறிப்போன குக்கரைப் பாடினார். தங்கை வைத்த பிறகும் காதில் இருந்த போனைப் பாடினார். சொல் என்னவோ அண்டத்தைப் பற்றித்தான். இடது கை தானாக எழுந்து எதையோ எட்டிப் பிடித்தது, வலது முழங்கால் தானாக மடங்கியது. காதுக்குள் அந்தக் குரல் தேனும் கண்ணீருமாக வழிந்தது. கண்ணைத் திறந்தால் ஹாலே எழுந்து நிற்கிறது. முன் வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

கச்சேரி முடிந்ததும் மாப்பிள்ளை கட்டிப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க மச்சான். நீங்க இல்லாம நாங்க இல்ல."

"இனிமே கதவானாலும் ஜன்னலானாலும் லீடர் முன்னாடி நிக்கறார்" என்றார் டாக்டர்.

"சனிக்கிழமை?" என்று லீடர் கேட்டார். அவருக்கு அதுதான் முக்கியம். முக்கியம் என்று காட்டிக்கொள்ளாமல், சும்மா கேட்பது போலக் கேட்டார்.

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "வாங்க சார். எல்லாச் சனிக்கிழமையும் வாங்க. ஆனா ரிகர்சல்ல நீங்க பாடக் கூடாது. இந்த மாதிரி ஒரு குரலை அங்க செலவழிக்கறது பாவம். மேடைக்குன்னு சேத்து வைங்க. சும்மா எங்ககூட உக்காந்திருங்க, போதும்."

"வரும்போது சாப்பிடாம வாங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிடலாம். அவ சமைச்சு வெச்சிருப்பா."

லீடருக்குத் தொண்டை அடைத்தது. அடைத்தாலும் பரவாயில்லை, அடுத்த கச்சேரி வரை அதற்கு வேலை இல்லை.

ஹால் காலியாகிவிட்டது. மேடையில் சவுண்டுக்காரர் மட்டும் வயர்களை முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருந்தார். லீடர் அவரிடம் போனார். வெற்றி பெற்றவர்கள் தொழிலாளிகளிடம் காட்டும் கனிவோடு தோளில் கை வைத்தார்.

"மனிதக் குரலைவிட உயர்ந்த இசைக்கருவி கிடையாதுன்னு நான் சொல்லிட்டே இருப்பேன். இன்னிக்கு ஊரே ஒத்துக்கிச்சு, பாத்தீங்கள்ல?"

"பாத்தேன் சார். நல்ல கூட்டம்."

"டீச்சருக்குத் தெரிய வேணாம். இன்னிக்குப் பதிவு ஏதாவது பண்ணி வெச்சிருக்கீங்களா? வெளியில குடுக்க மாட்டேன். வீட்ல நான் ஒருத்தன்தான், தனியாப் போட்டுக் கேட்டுப்பேன்."

"பண்ணியிருக்கேன் சார், பழக்கத்துக்கு எப்பவும் பண்றதுதான். ஆனா அதுல உங்க குரல் இருக்காதே."

"ஏன் இருக்காது?"

சவுண்டுக்காரர் சுற்றிக்கொண்டிருந்த வயரின் நுனியைத் தேடி எடுத்துக் காட்டினார்.

"உங்க மைக்கு உங்க காதுக்கு மட்டும்தான் சார் போகுது, நான் வேலைக்கு வந்ததுலேருந்தே."